பத்தாவது ஆள் வந்தாச்சா?

கபடி விளையாட ஓர் அணிக்கு எத்தனை பேர் வேண்டும், குட்டீஸ்? ஏழு பேர். கிரிக்கெட்டுக்கு? பதினொரு பேர். சரி, சாமி கும்பிட எத்தனை பேர் வேண்டும்?

'இது என்ன கேள்வி? ஒருத்தர் இருந்தால் போதாதா?' என்றுதானே கேட்கிறீர்கள்! யூத மதத்தைச் சேர்ந்தவர்களிடம் கேட்டால் கொஞ்சம் வேறு மாதிரி பதில் சொல்வார்கள். வீட்டில் தனியாக ஜெபிக்கலாம், தடையில்லை. ஆனால் முழுமையான கூட்டு வழிபாடு நடக்க வேண்டும் என்றால் பத்துப் பேர் கண்டிப்பாக வேண்டும். ஒன்பது பேர் வந்து உட்கார்ந்திருந்தாலும் சில முக்கியமான ஜெபங்களைச் சொல்லக் கூடாது. "பத்தாவது ஆள் வந்தாச்சா?" என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இந்தப் பத்துப் பேர் கூட்டத்துக்கு 'மின்யான்' என்று பெயர். ஹீப்ரு மொழியில் இதற்கு 'எண்ணிக்கை' என்று பொருள்.

நியூயார்க் மாதிரி லட்சக்கணக்கில் யூதர்கள் வாழும் ஊரில் பத்துப் பேரைச் சேர்ப்பது பெரிய காரியமே இல்லை. ஆனால் நாலு பக்கமும் கடல் சூழ்ந்த ஒரு தீவில், மொத்தமே நூறு பேர் அளவில்தான் யூதர்கள் இருக்கிறார்கள் என்றால்? அப்படிப்பட்ட ஒரு தீவையும், அங்கே உள்ள ஒரு ஜெபக்கூடத்தையும், அதற்குப் பின்னால் இருக்கும் ஒரு நெடிய கதையையும்தான் இந்த வாரம் தெரிந்துகொள்ளப் போகிறோம்.

தமிழ் நோட்டு உள்ள தீவு

உலகப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவின் கிழக்குப் பக்கம் மடகாஸ்கர் என்ற பெரிய தீவு தெரிகிறதா? அதற்கும் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அதுதான் மொரீஷியஸ். டோடோ என்ற பறக்கத் தெரியாத பறவை வாழ்ந்து அழிந்துபோன தீவு என்று பாடத்தில் படித்திருப்பீர்களே, அதேதான்!

சுமார் பன்னிரண்டரை லட்சம் பேர் வாழும் நாடு அது. பிரெஞ்சுக்காரர்களும் பிறகு பிரிட்டிஷாரும் ஆண்டார்கள். 1968-ல் சுதந்திரம் கிடைத்தது. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய இந்தியாவில் இருந்து அழைத்துச் செல்லப்பட்டவர்களின் வம்சாவளியினர்தான் அங்கே அதிகம். நம் தமிழர்களும் இருக்கிறார்கள். தைப்பூசக் காவடிக்கு அங்கே அரசு விடுமுறை! அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தையும் பார்க்கலாம். இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள், சீன வம்சாவளியினர் என்று எல்லோரும் கலந்து வாழ்கிறார்கள்.

தீவின் நடுவில் மேட்டு நிலத்தில் கியூர்பீப் என்ற ஊர் இருக்கிறது. கடல் மட்டத்தில் இருந்து சுமார் 550 மீட்டர் உயரம். அடிக்கடி மழை, எப்போதும் குளிர்ச்சி. ஊரை ஒட்டி அணைந்துபோன ஓர் எரிமலையின் வாய்கூட உண்டு. இந்தக் கியூர்பீப்பில்தான் 2005-ம் ஆண்டு யூதர்களுக்கான ஒரு ஜெபக்கூடம் திறக்கப்பட்டது.

கூடும் வீடு

யூதர்களின் வழிபாட்டு இடத்தை ஆங்கிலத்தில் சினகாக் என்பார்கள். 'ஒன்றுகூடுதல்' என்று பொருள் தரும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்த பெயர் இது. ஹீப்ரு மொழியில் 'பெய்த் க்னெசெத்'. அதாவது, கூடும் வீடு! கடவுளின் வீடு என்றோ புனிதமான கட்டடம் என்றோ பெயர் வைக்காமல், ஆட்கள் கூடுவதையே பெயராக வைத்துவிட்டார்கள், கவனித்தீர்களா?

அதனால்தான் ஜெபக்கூடம் வெளியில் இருந்து பார்க்க இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. பெரிய மாளிகையாக இருக்கலாம், சாதாரண வீடு மாதிரியும் இருக்கலாம். நம் பக்கத்து மாநிலமான கேரளாவில், கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய ஜெபக்கூடம் இன்றும் இருக்கிறது. நீலநிறச் சித்திரம் போட்ட சீனத் தரை ஓடுகளும், கூரையில் தொங்கும் கண்ணாடி விளக்குகளும் அங்கே பிரபலம். சுற்றுலா போனவர்கள் பார்த்திருக்கலாம்.

வெளித்தோற்றம் எப்படி இருந்தாலும் உள்ளே சில பொருட்கள் கட்டாயம் இருக்கும். ஜெருசலேம் இருக்கும் திசையை நோக்கி ஓர் அலமாரி அல்லது பேழை. லண்டனில் என்றால் அது தென்கிழக்கு. மொரீஷியஸில் என்றால் வடக்கில் இருந்து சற்று மேற்காகத் திரும்ப வேண்டும். பேழைக்கு முன்னால் எப்போதும் எரியும் ஒரு விளக்கு. பேழைக்குள் தோரா.

தோரா என்பது யூதர்களின் புனித நூல். அதை நம் பாடப்புத்தகம் மாதிரி அச்சடிக்க மாட்டார்கள். பதப்படுத்திய விலங்குத் தோலில், இறகுப் பேனாவால், கையாலேயே எழுதுவார்கள். எழுதி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். பிறகு இரண்டு மரக்கட்டைகளில் பாய் மாதிரி சுருட்டி வைப்பார்கள். மொத்தம் 3,04,805 எழுத்துகள். அதில் ஒரே ஓர் எழுத்து அழிந்துபோனாலும் சரிசெய்யும் வரை அந்தச் சுருளை வைத்து வழிபாட்டில் வாசிக்கக் கூடாது. வாசிக்கும்போது விரல் பட்டு எழுத்து மங்கிவிடக் கூடாது என்பதற்காக, நுனியில் குட்டிக் கை போலச் செய்த ஒரு குச்சியால்தான் வரியைத் தொட்டுக் காட்டுவார்கள்.

மூன்று லட்சம் எழுத்தில் ஒன்று குறைந்தாலும் குறைதான். பத்துப் பேரில் ஒருவர் குறைந்தாலும் குறைதான். இந்த மதத்தில் எண்ணிக்கைக்கு எவ்வளவு மதிப்பு, பார்த்தீர்களா!

பதிமூன்று வயதில் பெரிய மனிதர்

மின்யானில் சேர்த்துக்கொள்ள எத்தனை வயதாக வேண்டும்? பதினெட்டா, இருபத்தொன்றா? இல்லை, பதிமூன்று வயது போதும்! அந்த வயது வந்ததும் 'பார் மிட்ஸ்வா' என்று ஒரு விழா எடுப்பார்கள். அன்று அந்தப் பையன் எல்லோர் முன்னாலும் நின்று தோராவில் இருந்து வாசிப்பான். அதற்காகப் பல மாதம் பயிற்சி எடுத்துக்கொள்வான். அன்று முதல் அவன் எண்ணிக்கையில் ஒருவன். பழைய மரபுப்படி ஆண்களை மட்டுமே மின்யானில் எண்ணுவார்கள். இன்று பல ஜெபக்கூடங்களில் பெண்களையும் சேர்த்தே எண்ணுகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். சின்ன ஊரில் ஒன்பது பெரியவர்கள் ஜெபக்கூடத்தில் காத்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வருகிறான். உடனே வழிபாடு ஆரம்பித்துவிடும். அவன் வராவிட்டால் தாத்தாக்கள் எல்லாரும் காத்திருக்க வேண்டியதுதான்!

இப்போது ஒரு கேள்வி வந்திருக்குமே? யூதர்கள் பெரிய அளவில் குடியேறாத மொரீஷியஸில் யூதர்களின் கதை எங்கே ஆரம்பிக்கிறது? 2005-ல் ஜெபக்கூடம் திறப்பதற்கு அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே ஆரம்பிக்கிறது. அது கொஞ்சம் வருத்தமான கதை.

கப்பலையே விறகாக்கியவர்கள்

இரண்டாம் உலகப் போர் காலம். ஜெர்மனியை ஆண்ட ஹிட்லரின் நாஜி அரசு யூதர்களைக் கொடுமைப்படுத்தி வந்தது. வேலையைப் பறித்தார்கள், கடைகளை உடைத்தார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் இருந்து விரட்டினார்கள். பின்னர் லட்சக்கணக்கில் கொன்றார்கள். தப்பிக்க வழி கிடைத்தவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.

1940-ல் வியன்னா, பிராக், டான்சிக் போன்ற நகரங்களைச் சேர்ந்த யூதர்கள் டான்யூப் ஆற்றில் படகுகளில் புறப்பட்டு ருமேனியாவுக்குப் போனார்கள். அங்கே 'அட்லாண்டிக்' என்ற பழைய கப்பலில் சுமார் 1,800 பேர் ஏறினார்கள். பெயர்தான் பெரியது. கப்பலுக்குள் கால் நீட்டக்கூட இடமில்லை. குடிநீர் பற்றாக்குறை. டைபாய்டு காய்ச்சல் வேறு பரவியது.

வழியில் நிலக்கரி தீர்ந்துபோனது. நடுக்கடலில் என்ன செய்வது? பயணிகள் கப்பலின் மரத் தடுப்புகள், பலகைகள் என்று எதெல்லாம் மரமோ அதையெல்லாம் வெட்டி எடுத்து எரித்தார்கள். ஏறி வந்த கப்பலையே விறகாக்கித்தான் கரையைத் தொட்டார்கள்!

1940 நவம்பர் 24 அன்று ஹைபா துறைமுகத்தை அடைந்தார்கள். அது அன்றைய பாலஸ்தீனத்தில் இருந்தது. பாலஸ்தீனம் அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. யூதர்கள் அதிகமாகக் குடியேறுவதை அங்கே வாழ்ந்த அரபு மக்கள் எதிர்த்தார்கள். எனவே 1939-லேயே பிரிட்டன் குடியேற்றத்துக்குக் கடுமையான வரம்பு வைத்திருந்தது. அனுமதிச் சீட்டு இல்லாமல் வந்த இவர்களை மொரீஷியஸுக்கு அனுப்பிவிட முடிவு செய்தது.

மறுநாளே ஒரு பெரிய விபரீதம் நடந்தது. அப்படி அனுப்புவதற்காக வேறு இரண்டு கப்பல்களில் வந்த அகதிகளை 'பாட்ரியா' என்ற கப்பலில் ஏற்றி வைத்திருந்தார்கள். அட்லாண்டிக் பயணிகளையும் அதில் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். அந்தக் கப்பலைப் புறப்பட விடாமல் தடுக்க ஒரு யூத ரகசிய அமைப்பு அதில் வெடிகுண்டு வைத்தது. இயந்திரம் பழுதாகும், அவ்வளவுதான் என்று நினைத்தார்கள். கப்பலே கவிழ்ந்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். தப்பியவர்கள் அங்கேயே தங்க அனுமதி கிடைத்தது. ஆனால் அட்லாண்டிக்கில் வந்த மற்றவர்களுக்கு அந்த அனுமதி கிடைக்கவில்லை. டிசம்பர் 9 அன்று அவர்களை வலுக்கட்டாயமாக இரண்டு கப்பல்களில் ஏற்றி அனுப்பினார்கள்.

பதினேழு நாள் பயணம். டிசம்பர் 26 அன்று மொரீஷியஸில் இறங்கியபோது கணக்கு எடுத்தார்கள். ஆண்கள் 849, பெண்கள் 635, குழந்தைகள் 96. மொத்தம் 1,580 பேர். அந்த வாரம் யூதர்களின் தீபத் திருநாளான ஹனுக்கா. எட்டு நாள் விளக்கேற்றிக் கொண்டாட வேண்டிய பண்டிகை. அதன் இரண்டாம் நாளில் அவர்களைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள்!

சிறைக்குள் ஒரு பள்ளிக்கூடம்

போ பாசான் என்ற ஊரில் இருந்த சிறைச்சாலைதான் அவர்களுக்கு வீடானது. ஆண்கள் சிறை அறைகளில். பெண்களும் குழந்தைகளும் பக்கத்தில் தகரக் கொட்டகைகளில். நடுவில் உயரமான மதில் சுவர். அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றால்கூட அனுமதி கிடைக்க வேண்டும்.

அவர்கள் செய்த குற்றம் என்ன? திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. உயிர் பிழைக்க ஓடி வந்தார்கள். அவ்வளவுதான்.

பனியும் குளிரும் பழகிய அவர்களுக்கு மொரீஷியஸ் வெயிலும் கொசுக்கடியும் புதிது. மலேரியாவும் டைபாய்டும் பலரைக் கொண்டுபோயின.

ஆனாலும் அவர்கள் சும்மா உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. குழந்தைகளுக்கு முகாமுக்குள்ளேயே பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். கைத்தொழில் கூடங்கள் வைத்தார்கள். ஓவியர்கள் சிறை வாழ்க்கையைப் படமாக வரைந்தார்கள். இசை தெரிந்தவர்கள் சேர்ந்து 'போ பாசான் பாய்ஸ்' என்ற பெயரில் ஒரு வாத்தியக் குழுவே அமைத்துவிட்டார்கள்! தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த யூதர்கள் துணிமணிகளும் மருந்துகளும் அனுப்பி உதவினார்கள். முகாமுக்குள் ஓர் இடத்தை ஜெபக்கூடமாக ஆக்கிக்கொண்டு வழிபட்டார்கள். அங்கே மட்டும் பத்துப் பேருக்குப் பஞ்சமே இல்லை.

போர் முடியும் வரை இதே நிலைதான். 1945 ஆகஸ்ட்டில்தான் விடுதலையாகிக் கப்பல் ஏறினார்கள். பெரும்பாலானவர்கள் பாலஸ்தீனத்துக்கே போனார்கள். கிட்டத்தட்ட நாலு வருஷம் ஏழு மாதம்! கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்பது வயதில் சிறைக்கு வந்த ஒரு பையன் வெளியே போகும்போது அவனுக்குப் பதிமூன்று வயது ஆகியிருக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளையாக உள்ளே போய், மின்யானில் எண்ணப்படும் ஆளாக வெளியே வந்திருப்பான்.

போகாமல் நின்றவர்கள்

எல்லோருமா கப்பல் ஏறினார்கள்? இல்லை. முகாமில் இறந்த 120-க்கும் மேற்பட்டோர் அங்கேயே தங்கிவிட்டார்கள். செயின்ட் மார்ட்டின் என்ற இடத்தில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் அவர்கள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். தலைமாட்டில் ஹீப்ரு எழுத்து செதுக்கிய கற்கள் வரிசையாக நிற்கின்றன.

யூத வழக்கப்படி இறந்தவர்களுக்காக உறவினர்கள் 'காதிஷ்' என்ற ஜெபத்தைச் சொல்வார்கள். இந்த ஜெபத்தில் ஓர் ஆச்சரியம் உண்டு. மரணத்தைப் பற்றி இதில் ஒரு வார்த்தைகூட இருக்காது. கடவுளைப் போற்றுவதும், அமைதி வேண்டுவதும்தான் இருக்கும். இன்னொரு விஷயம், இதைத் தனியாகச் சொல்ல முடியாது. கேட்டு 'ஆமென்' சொல்ல ஆட்கள் வேண்டும். எத்தனை பேர்? சரியாகச் சொல்லிவிட்டீர்கள். பத்துப் பேர்!

இப்போது புரிகிறதா, அந்தத் தீவில் பத்துப் பேர் சேர்வது ஏன் அவ்வளவு முக்கியம் என்று? சொந்தக்காரர்கள் எல்லாம் கப்பல் ஏறிப் போய்விட்டார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் அந்தக் கல்லறைகளைச் சுற்றி நிற்கப் பத்து யூதர்கள் கிடைப்பதே அரிதாக இருந்தது. தென்னாப்பிரிக்க யூதர் அமைப்பு தூரத்தில் இருந்தபடியே கல்லறைத் தோட்டத்தைப் பராமரிக்க உதவியது.

பிறகு வியாபாரத்துக்காகவும் வேலைக்காகவும் தென்னாப்பிரிக்கா, பிரான்ஸ் போன்ற நாடுகளில் இருந்து சில யூதக் குடும்பங்கள் மொரீஷியஸுக்கு வந்து குடியேறின. இவர்களில் பெரும்பாலோருக்கும் அந்தச் சிறை முகாமுக்கும் சொந்தபந்தம் எதுவும் கிடையாது. ஆனாலும் இவர்களால் அந்தத் தீவில் மறுபடியும் 'பத்து' என்ற எண்ணிக்கை சாத்தியமானது. முகாம் காலியாகி அறுபது ஆண்டுகள் கழித்து கியூர்பீப்பில் ஜெபக்கூடம் வந்தது. 2014-ல் செயின்ட் மார்ட்டின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு நினைவு மையமும் திறக்கப்பட்டது. 1,580 பேரின் கதையை இன்று மொரீஷியஸ் பள்ளிப் பிள்ளைகள் அங்கே போய்த் தெரிந்துகொள்ளலாம்.

மொரீஷியஸ்காரர்களும் இந்தக் கதையை மறந்துவிடவில்லை. மொரீஷியஸைச் சேர்ந்த ழெனவியேவ் பிதோ என்ற பெண்மணி இந்த வரலாற்றைத் தேடித் தொகுத்து ஒரு புத்தகமே எழுதினார். நத்தாஷா அப்பனா என்ற எழுத்தாளர் 2007-ல் ஒரு நாவல் எழுதினார். ராஜ் என்ற இந்திய வம்சாவளிச் சிறுவனுக்கும், சிறையில் இருக்கும் டேவிட் என்ற யூதச் சிறுவனுக்கும் ஏற்படும் நட்புதான் கதை. பிரெஞ்சு மொழியில் வெளியான இந்த நாவல் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. பெரியவர்களானதும் படித்துப் பாருங்கள்.

பூ அல்ல, கல்!

யூதர்கள் கல்லறைக்குப் போனால் பெரும்பாலும் பூ வைக்க மாட்டார்கள். கீழே கிடக்கும் ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கல்லறையின் மேல் வைப்பார்கள். பூ வாடிவிடும், கல் வாடாது. 'ஒருத்தர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்' என்று அடுத்து வருகிறவருக்கு அந்தக் கல் சொல்லும். செயின்ட் மார்ட்டினில் கல் வைக்க எந்த மதத்தைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். பத்துப் பேர் சேர வேண்டியதும் இல்லை.

ஆனால் ஜெபத்துக்குப் பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்துப் பேரும் பணக்காரராகவோ படித்தவராகவோ இருக்க வேண்டியதில்லை. நேரில் வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். நம் வகுப்பில் ஆண்டுவிழா ஒத்திகைக்கு ஒருவர் வராமல் மொத்த நாடகமும் நின்றுபோகும்போது, 'நான் ஒருத்தன் வராவிட்டால் என்ன?' என்று சிலர் சொல்வார்கள் இல்லையா? அடுத்த முறை அப்படிச் சொல்லத் தோன்றினால், கியூர்பீப்பில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒன்பது பேரை நினைத்துக்கொள்ளுங்கள், குட்டீஸ்!

தெரிஞ்சுக்கோங்க!

* யூதர்களின் ஓய்வு நாள் 'சப்பாத்'. வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது ஆரம்பிக்கும். சனிக்கிழமை இரவு வானில் மூன்று நட்சத்திரங்கள் தெரிந்ததும் முடியும்.

* ஹீப்ரு மொழியை உருது, அரபி போலவே வலமிருந்து இடமாக எழுதுவார்கள்.

* ஜெபக்கூடத்துக்குள் போகும் ஆண்கள் தலையில் 'கிப்பா' என்ற சின்ன வட்டத் தொப்பி அணிவார்கள்.

* டிசம்பர் வாக்கில் ஹனுக்கா வரும்போது ஐரோப்பாவில் குளிர்காலம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் மொரீஷியஸில் அப்போது கோடைகாலம்!

* 'கியூர்பீப்' என்ற பிரெஞ்சுப் பெயருக்கு 'புகைக்குழாயைச் சுத்தம் செய்' என்று பொருள். அந்த வழியாகப் போன பயணிகள் அங்கே இளைப்பாறிப் புகைக்குழாயைச் சுத்தம் செய்ததால் இந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள்.